வெறும் அறையில் முதல் இரவு: தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் முன்னாள் ராணுவ வீரருக்கு வீடு அமைப்பது எப்படி

சாவி கைக்கு வந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் காரிலும் ஷெல்டரிலும் பாலத்தடியிலும் படுத்துக்கிடந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்கு வாடகை வீடு கிடைக்கிற நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பேசினால் நம் குரலே சுவரில் பட்டுத் திரும்புகிற அறை, மூலையில் அவருடைய ஒரே ஒரு பை, ஜன்னலுக்குத் திரைகூடக் கிடையாது.

காரணம் எளிமையானது. இங்கே இவர்களுக்கு வீடு கொடுக்கும் பெரிய திட்டம் ஹட்-வாஷ். வீட்டுவசதித் துறை வாடகை வவுச்சர் கொடுக்கும்; முன்னாள் படைவீரர் நலத்துறை, எல்லோரும் வி.ஏ. என்று சொல்வது, ஒரு கேஸ் மேனேஜரை, அதாவது வீரருக்குத் துணையாக நின்று உதவிகளை ஒருங்கிணைக்கும் பணியாளரை, கொடுக்கும். 1992 இல் சிறிதாகத் தொடங்கி 2008 முதல் பெரிய அளவில் நடக்கிறது. வீரர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுவார், மீதியை வவுச்சர் பார்த்துக்கொள்ளும். 2010 இல் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் 74,087 வீரர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2024 ஜனவரியில் அது 32,882 ஆகக் குறைந்திருந்தது. இந்த இறக்கத்தில் வவுச்சருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வவுச்சர் வாடகைக்கு மட்டும்தான். கட்டிலுக்கு இல்லை, கரண்டிக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை.

நான் ஏழு வருடமாகச் சனிக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்கிறேன். நாங்கள் நான்கு பேர், ஒரு பிக்கப் டிரக், வாடகைக்கு எடுத்த ஒரு சேமிப்பு அறை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்; உங்கள் கோயில் குழுவோ, அலுவலக நண்பர்களோ ஒரே ஒரு வீட்டை எடுத்துச் செய்தாலும் பயன்படும்.

முதலில் கேளுங்கள்

நான் செய்த முதல் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் வியட்நாம் போருக்குப் போனவர், எழுபதைத் தாண்டியவர். அவர் வருவதற்குள் எல்லாம் முடித்து வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தோம். பெரிய பழுப்பு நிறச் சோபா, சுவரில் கொடி, மேஜையில் பூ, படுக்கையில் ஆறு தலையணை. அவர் வந்தார், எல்லோரிடமும் கை குலுக்கி நன்றி சொன்னார். ஒரு வாரம் கழித்து கேஸ் மேனேஜர் கூப்பிட்டார்: "அவர் குளியலறையில் படுக்கிறார்." போய்ப் பார்த்தேன். சோபாவை நாங்கள் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தோம். கட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அந்த வீட்டிலேயே முதுகுக்குப் பின்னால் சுவரும் கண்ணுக்கு எதிரே கதவும் இருந்த ஒரே இடம் குளியலறைதான். ஆறு தலையணையும் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கியிருந்தது. கட்டிலை எங்கே போடலாம் என்று அன்றைக்குத்தான் அவரிடம் முதல் முறையாகக் கேட்டேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை, எதிர்ச்சுவரின் மூலையைக் காட்டினார்.

அதனால் இப்போது வீரரைப் பார்க்காமல் ஒரு ஸ்பூன்கூட வாங்குவதில்லை. கேஸ் மேனேஜர் மூலமாக நேரம் கேட்டு, அவர் இருக்கும் இடத்துக்கே போய் அரை மணி நேரம் பேசுகிறோம். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுவும் வேண்டாம், கொடுப்பதைக் கொடுங்கள்" என்றுதான் பதில் வரும். பல வருடம் வரிசையில் நின்று கிடைத்ததை வாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இப்போது எப்படித் தூங்குகிறீர்கள், படுத்தா, நாற்காலியில் சாய்ந்தா? முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்களே சமைப்பீர்களா, சூடு பண்ணிக்கொண்டால் போதுமா? உங்களைப் பார்க்க யாராவது வருவார்களா? எந்த நிறம் வேண்டாம்?

கடைசிக் கேள்வி என்னுடைய அனுபவத்தில் கிடைத்தது. கடற்படையில் இருந்த ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போர்வை என்ன நிறத்தில் வேண்டும் என்றேன். தலையை நிமிர்த்தி, "சாம்பல் நிறம் மட்டும் வேண்டாம்" என்றார். கப்பலும் சாம்பல், ஷெல்டர் போர்வையும் சாம்பல். அதற்கப்புறம் பேச்சு தானாக வந்தது. மஞ்சள் நிறத்தில் தலையணை உறை வேண்டும் என்று அவரே கேட்டார்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. போரில் என்ன நடந்தது, எப்படி வீடு போயிற்று, குடும்பம் எங்கே, குடிப்பழக்கம் இருந்ததா, இவை எதுவும் கட்டில் வாங்கத் தேவையில்லை. எந்தப் படையில் இருந்தார் என்பதை மட்டும் கேஸ் மேனேஜரிடம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மரைன் என்ற தனிப் படையில் இருந்த ஒருவரை 'சோல்ஜர்' என்று கூப்பிட்டால் அவருக்கு அது சரிப்படாது. தரைப்படைக்குத்தான் அந்தச் சொல்.

அப்புறம், பெண் வீரர்களை மறந்துவிடாதீர்கள். 'வெட்டரன்' என்றதும் எல்லோர் மனதிலும் ஓர் ஆண் உருவம்தான் வருகிறது. குழந்தையோடு வரும் தாய்க்குத் தேவையே வேறு. குழந்தைக் கட்டில் தேவைப்பட்டால் பழையதை வாங்காதீர்கள். பக்கவாட்டுக் கம்பி கீழே இறங்குகிற மாதிரி கட்டில்களை 2011 இல் அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது, நல்ல மனதோடு எடுத்துக் கொடுப்பார்கள்.

அளவு எடுக்காமல் கிளம்பாதீர்கள்

பெரும்பாலும் ஒற்றை அறை ஸ்டூடியோவாக இருக்கும், அல்லது ஒரு படுக்கையறை. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி ஒரு முறை போய் அளந்துவிடுங்கள். அறையின் நீள அகலத்தை எல்லோரும் அளப்பார்கள். வாசல் கதவின் அகலம், மாடிப்படி திரும்புகிற இடம், லிஃப்டின் உட்பக்கம் ஆகியவற்றை அளக்க மறப்பார்கள். மூன்று பேர் உட்காரும் சோபா 84 அங்குலம் வரை இருக்கும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டால் இறக்கவும் முடியாது ஏற்றவும் முடியாது. ஸ்டூடியோவுக்கு இருவர் சோபா போதும், சில சமயம் கைப்பிடி உள்ள ஒற்றை நாற்காலியே போதும்.

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் எடுத்துப் போங்கள். கட்டில், மேஜை, நாற்காலி இருக்கப்போகும் இடத்தைத் தரையில் டேப்பால் கட்டம் போட்டுக் காட்டுங்கள். முடிந்தால் வீரரையும் கூட்டிப் போங்கள். அவர் அந்தக் கட்டத்துக்குள் போய் நின்று கதவைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்பார். டேப்பை உரித்து ஒட்டுவது ஒரு நிமிட வேலை. டிரெஸ்ஸரை, அதாவது இழுப்பறைகள் உள்ள துணி அலமாரியை, தூக்கி நகர்த்துவதோடு ஒப்பிட்டால் தெரியும்.

அப்படியே அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கிறதா என்று பாருங்கள். சில வாடகை வீடுகளில் அவை வாடகைதாரர் பொறுப்பு. விளக்கு எத்தனை இருக்கிறது என்றும் எண்ணுங்கள்; வரவேற்பறையில் கூரை விளக்கே இல்லாத வீடுகள் ஏராளம். புகை அலாரத்தில் பேட்டரி தீர்ந்து விட்டு விட்டுக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்ற வைத்துவிடுங்கள். உங்களுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். ஒரு சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவருக்கு அது தூக்கமில்லாத வாரம்.

கட்டில், மெத்தை

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் மெத்தையில் போடுங்கள். மற்றதெல்லாம் பழையதாக இருக்கலாம், மெத்தை மட்டும் புதியதாக இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அளவு: ஒருவர் படுக்கும் சாதாரண மெத்தைக்கு இங்கே ட்வின் என்று பெயர், அது 38 அங்குலம் அகலம், 75 அங்குலம் நீளம். ஆறடிக்கு மேல் உள்ளவர் என்றால் ட்வின் எக்ஸ்.எல்., அதாவது 80 அங்குல நீளம். இடம் இருந்தால் 54 அங்குல அகலமுள்ள ஃபுல் சைஸ் கொடுங்கள். ட்வின்னில் படுக்கும்போது படைமுகாம் பங்க்கும் ஷெல்டர் கட்டிலும் ஞாபகம் வருவதாக ஒருவர் என்னிடம் சொன்னார். புரண்டு படுக்க இடம் இருப்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

உயரம்: மெத்தையோடு சேர்த்து 20 முதல் 23 அங்குலம் இருந்தால் முழங்கால் வலி உள்ளவர் சுலபமாக எழுந்திருப்பார். இரும்புச் சட்டம் நல்லது, மெத்தைக்கு அடியில் வைக்கும் ஸ்பிரிங் பெட்டி (பாக்ஸ் ஸ்பிரிங்) தேவைப்படாத மாதிரியாகப் பாருங்கள். அடியில் இடம் இருந்தால் துணிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதையும் கேளுங்கள்: கட்டிலுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் தூக்கம் வராது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான்கு பக்கமும் மூடிய கட்டில்.

மூட்டைப்பூச்சி விஷயத்தை வெட்கப்படாமல் பேசியாக வேண்டும். ஷெல்டரிலிருந்து வரும் துணியிலும் வரலாம், நல்ல பெரிய வீட்டிலிருந்து வரும் சோபாவிலும் வரலாம். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவுதான் இருக்கும், சாப்பாடு இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாங்கள் செய்வது இது: மெத்தை பிரித்தவுடனே ஜிப் வைத்த முழு உறையைப் போட்டுவிடுவோம். நன்கொடையாக வரும் துணி, திரை, போர்வை எல்லாவற்றையும் துணி உலர்த்தும் இயந்திரமான ட்ரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டி, உடனே பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுவோம். மரச்சாமானை டார்ச் அடித்து, இழுப்பறையை வெளியே உருவி, மூட்டுகளிலும் திருகு ஓட்டைகளிலும் பார்ப்போம். மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளி இருந்தால் அந்தச் சாமான் டிரக்கில் ஏறாது. துணி தைத்த சோபாவை நாங்கள் நன்கொடையாக வாங்குவதையே நிறுத்திவிட்டோம். வீரருடைய பையையும் துணிகளையும் என்ன செய்வது? அவரிடம் தனியாக, சாதாரணமாகச் சொல்லுங்கள்: "புது மெத்தை, அதற்கு எதுவும் வந்துவிடக் கூடாது. உங்கள் துணியை ட்ரையரில் ஒரு சுற்று போட்டுவிடலாமா?" அவரே செய்யட்டும். அவர் பையை நீங்கள் திறக்கக் கூடாது.

படுக்கை விரிப்பு இரண்டு செட் வேண்டும். ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று. தலையணை இரண்டு போதும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: படுக்கையை நீங்கள் விரித்து வைக்காதீர்கள். விரிப்பைத் துவைத்து மடித்து மெத்தை மேல் வைத்துவிட்டு வாருங்கள். மரைனில் இருந்த ஒருவர் தன் விரிப்பைத் தானே போட்டதைப் பார்த்தேன். கால்மாட்டில் மூலையை 45 டிகிரிக்கு மடித்து, உள்ளங்கையால் நீவி, மெத்தைக்கு அடியில் செருகி, எட்டி நின்று பார்த்து, திருப்தியில்லாமல் உருவிவிட்டு மறுபடியும் போட்டார். அரை மணி நேரம் நாங்கள் சமையலறையில் சத்தமில்லாமல் காத்திருந்தோம்.

முதல் சில வாரம் தரையில் படுத்தாலும் கவலைப்படாதீர்கள், அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். பல வருடம் கெட்டியான தரையில் படுத்த உடம்புக்கு மெத்தை பழகக் காலம் எடுக்கும். தடிமனான ஒரு பாய் அல்லது கேம்பிங் பேட் கூடவே கொடுத்துவிடுகிறோம். எப்போது மேலே ஏறுவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

நாற்காலி, வெளிச்சம், சத்தம்

போர் அனுபவத்தின் பாதிப்பு உள்ள பலருக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது, கதவு கண்ணில் பட வேண்டும். எல்லோருக்கும் அப்படி இல்லை. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். கேட்க முடியாமல் போனால் இப்படிப் போடுங்கள்: அவர் அதிகம் உட்காரும் நாற்காலி சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்து. நாற்காலியிலிருந்து கதவு வரை தட்டுப்படாத பாதை. காபி டேபிள் கால் இடிக்கும் இடத்தில் வேண்டாம். ஆளுயர அலமாரியைக் கதவருகே வைக்காதீர்கள், அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாத மறைவு உண்டாகும். டிரெஸ்ஸர் எதுவானாலும் சுவரோடு பட்டை போட்டுத் திருகிவிடுங்கள். பேரக்குழந்தை வந்து இழுப்பறையைப் பிடித்து ஏறினால் சாயும்.

நாற்காலி உட்காரும் உயரம் 18 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், இரண்டு பக்கமும் கெட்டியான கைப்பிடி இருக்க வேண்டும். ஆழமாக அமுங்குகிற சோபாவில் அவசரத்துக்கு எழுந்திருக்க முடியாது.

கூரை விளக்கு ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு விளக்கு கட்டாயம். கெட்ட கனவில் விழித்தவருக்கு இது தன் வீடுதான் என்று காட்டுவது அந்த ஸ்விட்ச்தான். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு. ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை போடுங்கள்: உள்ளிருந்து வெளியே தெரிகிற மெல்லிய துணி ஒன்று, முழுக்க இருட்டாக்கும் தடித் துணி ஒன்று. தரைத்தளத்து வீடு என்றால் திரை இல்லாமல் அவரை முதல் இரவு விட்டுவிட்டு வராதீர்கள். கம்பியும் திரையும் முதல் டிரிப்பிலேயே போய்விட வேண்டும்.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணித் துண்டு ஒட்டுங்கள். சமையலறைக் கதவுகளின் உட்பக்கம் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் அறைந்து சாத்தாது. வேலை செய்யும்போதும் இதை நினைவில் வையுங்கள்: டிரில் போடுவதற்கு முன், சுத்தியல் அடிப்பதற்கு முன், வாய் விட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இரும்புச் சட்டத்தைத் தரையில் போடாமல் மெல்ல இறக்குங்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் கெட்டியான கொக்கி ஒன்று அடித்துக் கொடுக்கிறோம், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. அவருடைய பை அங்கேதான் தொங்கும். பல மாதம் அந்தப் பை கட்டியபடியே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருப்பது பழகிப்போன மனது அது.

சமையலறை, குளியலறை

எங்கள் சேமிப்பு அறையில் இவை இரண்டுக்கும் வேண்டிய சாமான் ஒரே அட்டைப்பெட்டியாகத் தயாராக இருக்கும், ஆள் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது. மூடியோடு ஒரு பாத்திரம், ஒரு வாணலி, நல்ல கத்தி ஒன்று, வெட்டும் பலகை, கரண்டிகள், டின் திறப்பான். இந்த டின் திறப்பானை மறக்காதீர்கள். உணவு வங்கியிலிருந்து வருவது பாதிக்கு மேல் டின்தான், அதைத் திறக்க வழியில்லாமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கையில் வாத வலி உள்ளவருக்குப் பெரிய பிடி உள்ளதாக வாங்குங்கள். மைக்ரோவேவ் ஒன்று. தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம் நான்கு நான்காக. தனியாக இருப்பவருக்கு எதற்கு நான்கு என்று யாராவது கேட்பார்கள். ஒரே ஒரு தட்டு வைத்திருப்பவர் யாரையும் சாப்பிடக் கூப்பிட முடியாது. ஒரு பெண் வீரரின் வீட்டில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவர் மெல்ல எண்ணினார்: "எனக்கு, என் மகளுக்கு, அவள் புருஷனுக்கு, குழந்தைக்கு." மகளோடு பேசியே ஆறு வருடமாயிற்று என்று அப்புறம்தான் சொன்னார்.

குளியலறைக்கு ஷவர் திரை, அதன் வளையங்கள், வழுக்காத பாய், நான்கு துண்டு, கழிப்பறை அடைப்பு எடுக்கும் பிளஞ்சர். பிடிமானக் கம்பி தேவைப்பட்டால் உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பாதீர்கள், உடம்பின் பாரம் விழுந்தால் கழன்று வரும். சுவரில் திருகும் கம்பிக்கு வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். ஷவர் நாற்காலி, கம்பி போன்றவற்றை வி.ஏ. மருத்துவமனையில் அன்றாட வேலைகளைச் சுலபமாகச் செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மூலம் கேட்கலாம். கேஸ் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் பணம் மிச்சமாகும்.

பெட்டியில் இன்னொன்றும் வைக்கிறோம்: ஜிப் வைத்த கெட்டியான ஒரு ஃபைல். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், அதாவது டி.டி. 214, வாடகை ஒப்பந்தம், வவுச்சர் காகிதங்கள் எல்லாம் அதில். வவுச்சருக்கு வருமானக் கணக்கை அவ்வப்போது மறுபடி காட்ட வேண்டும். காகிதம் தொலைந்து வீடே போகும் நிலை வரக் கூடாது.

சாமான் எங்கே கிடைக்கும், எதை மறுப்பது

பல நகரங்களில் ஃபர்னிச்சர் பேங்க் என்று இருக்கும். கேஸ் மேனேஜர் பரிந்துரைத்தால் சாமான் கொடுப்பார்கள். முதலில் அங்கே கேளுங்கள். ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ரீஸ்டோர் கடைகளில் நல்ல மரமேஜை கிடைக்கும். கல்லூரி வருடம் முடியும் மே மாதத்தில் மாணவர்கள் மைக்ரோவேவையும் விளக்கையும் தெருவோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஹோட்டல்கள் அறைகளைப் புதுப்பிக்கும்போது மேஜை நாற்காலி மொத்தமாக வரும். மேனேஜரிடம் நேரில் போய்க் கேட்டால் நடக்கும்.

மறுக்கத்தான் பலருக்கும் வருவதில்லை. கறை படிந்த மெத்தை, ஒரு கால் ஆடும் மேஜை, பாதி ஜிக்சா, பூனை கீறிய சோபா என்று எல்லாம் வரும், "இல்லாதவருக்கு இதுவாவது" என்ற வார்த்தையோடு. வாங்கிக்கொண்டால் குப்பைக்குக் கொண்டுபோகிற செலவு உங்களுடையது. நாங்கள் முன்னாடியே மூன்று படம் கேட்கிறோம்: முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். சரியில்லை என்றால், "உங்கள் மனதுக்கு ரொம்ப நன்றி. இப்போது எங்களுக்குத் தேவை புதுத் துண்டும் விரிப்பும்தான், அது முடியுமா?" என்று திருப்பிக் கேட்கிறோம். பலரும் சந்தோஷமாக வாங்கித் தருகிறார்கள். என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அந்த நாள்

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பேர் ஒரே டி-சர்ட் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நின்றால் அது அவர் வீடாக இருக்காது. படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் டிரக்கில் ஏற்றிய சாமானைப் படமெடுங்கள், வீரரின் முகத்தையும் வீட்டு எண்ணையும் எடுக்க வேண்டாம். கொடியோ பதக்கச் சட்டமோ அவர் கேட்டால் மட்டும்.

சாவி அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் கதவைத் தட்டுங்கள், அவர் திறந்து உள்ளே விடட்டும். ஏற்கெனவே திறந்திருந்தாலும் தட்டுங்கள். சாமானை இறக்கும் வரிசை: முதலில் கட்டில், விளக்கு, திரை. அதற்குள் மழை வந்தாலோ யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ மிச்சத்தை நாளைக்குச் செய்யலாம், அவர் அன்றிரவு தூங்கலாம். எது எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். அவர் தூக்க வருவார், தடுக்காதீர்கள். கனமில்லாத பக்கத்தைக் கொடுங்கள். சுவர் ஒன்றை முழுக்க வெறுமையாக விட்டுவிட்டு வாருங்கள், அங்கே என்ன வேண்டும் என்று அவர் கொஞ்ச நாளில் முடிவு செய்வார். வேலை முடிந்ததும் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: கேஸ் மேனேஜரின் எண், வீட்டுப் பராமரிப்புக்குக் கூப்பிட வேண்டிய எண், அப்புறம் வீரர்களுக்கான நெருக்கடி உதவி எண். அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 அழைத்து 1 ஐ அழுத்தினால் இரவு பகல் எந்நேரமும் ஆள் கிடைப்பார். வீடு இல்லாமல் இருக்கும் வேறு வீரர் யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும், அவர்களுக்காக வி.ஏ.வின் 877-424-3838 எண்ணையும் எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்து

மறுபடி போய்ப் பார்ப்பதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் நாள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பதினான்கு நாள் வாழ்ந்த பிறகுதான் எது உதவவில்லை என்று தெரியும். முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போங்கள். ஆடும் கட்டில் திருகை முறுக்குங்கள். வேண்டாத சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார் என்று முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் மரியாதைக்காக வைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் அந்தக் கடற்படைக்காரர் வீட்டுக்குப் போனேன். மேஜையை ஜன்னலோரம் நகர்த்தியிருந்தார். மஞ்சள் உறை போட்ட தலையணை நாற்காலியில் இருந்தது. எதுவும் குறையாக இருக்கிறதா என்றேன். "பரவாயில்லை" என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பென்சிலில் மூன்று வரி எழுதியிருந்தது. பெரிய காபி கோப்பை. சுவர்க் கடிகாரம், டிக் டிக் சத்தம் இல்லாதது. வாசலுக்கு வெளியே போட ஒரு மிதியடி.

மிதியடி என்ன நிறம் என்று கேட்டேன். வந்து பார்க்கிறேன், கடைக்கு என்னையும் கூட்டிப்போங்கள் என்றார். அடுத்த சனிக்கிழமை போனோம்.